விழக்கூடிய மரமும் நம் தர்மமும்



இந்த முறை ஒரு மரத்தை வைத்துத் தர்மம் பேசலாம் என்று நினைக்கிறேன். கோயில் வாசலில் ஒரு பெரிய அரசமரம் நிற்கிறது. அதை வெட்டக்கூடாது என்று நாட்டின் சட்டம் சொல்கிறது, நம் பக்தியும் அதையே சொல்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இது விழக்கூடும்” என்கிறார். விழும் என்றோ விழாது என்றோ அவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மரத்தடியில்தான் பிள்ளைகள் உட்கார்ந்து தேவாரம் படிக்கிறார்கள். இப்போது நம் கடமை என்ன?

சமய வகுப்பில் தர்மம் என்று சொன்னதும் நாம் பாண்டவர் ஒரு பக்கம், கௌரவர் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்கிறோம். நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்தால் முடிவு சுலபம். மனுஷனைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றோடொன்று மோதும் நேரம்தான். மரத்தைக் காப்பாற்றுவது தர்மம். பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் தர்மம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எல்லோரும் பிள்ளைகள்தான் என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்தப் பதில் இங்கே போதாது. ஏனென்றால் பிள்ளைகளுக்கு ஆபத்து வருமா என்பதே நமக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒரு உயிரை வெட்டலாமா? தெரியாது என்பதற்காகப் பிள்ளைகளை அதன் அடியில் உட்கார வைக்கலாமா? இதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நம்மில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. 172ஆவது சட்டம் என்று சொல்வார்கள். 1995இல் அதில் மரப் பாதுகாப்புக்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அதன்படி நகராண்மைக் கழகம் ஒரு மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை போடலாம். அப்படி ஆணை போடாத மரமாக இருந்தாலும், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதை வெட்டக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 35எச் பிரிவு. 0.8 மீட்டர் என்பது 80 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு அடி ஸ்கேல் நீளத்தைவிடக் குறைவான குறுக்களவு. நம் கோயில்களில் நிற்கும் அரசும் ஆலும் வேம்பும் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். கோலாலம்பூர், சபா, சரவாக்கில் இருப்பவர்கள் கவனியுங்கள், உங்கள் ஊருக்குத் தனிச் சட்டம் உண்டு.

சிங்கப்பூரிலும் இப்படித்தான். அங்கே 2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டம் இருக்கிறது. மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. 2001இல் தொடங்கிய மரபுடைமை மரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மரங்களும் இருக்கின்றன.

172ஆவது சட்டத்தில் இரண்டு விதிவிலக்குகளை நன்றாகக் கவனிக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் அல்லது செத்த மரத்துக்கு அனுமதி தேவையில்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டும் மரத்துக்கும் தேவையில்லை. மரம் ஒரு பக்கம் சாய்ந்து, வேர் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது என்றால் கவுன்சில் கடிதத்துக்காக யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் “விழக்கூடும்” என்பது உடனடி ஆபத்தா? பெரும்பாலும் இல்லை. செத்த மரத்துக்கும் நல்ல மரத்துக்கும் நடுவில், உடனடி ஆபத்துக்கும் ஆபத்தே இல்லாததற்கும் நடுவில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. சட்டம் அங்கே நம்மைப் பார்த்து, “வந்து கேள், காரணத்தைக் காட்டு” என்றுதான் சொல்கிறது. அந்த நடு இடத்தில்தான் மனசாட்சிக்கு வேலை.

நன்றாகப் பார்த்துக்கொண்ட மரமும் விழும்

2017 பிப்ரவரி 11ஆம் தேதி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஒரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. நாற்பது மீட்டர் உயரம், 270 வயதுக்கு மேல். 1859இல் அந்தப் பூங்கா உருவாவதற்கு முன்பிருந்தே அங்கே நின்ற மரம். மரபுடைமை மரமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை சோதிக்கப்பட்டு வந்தது. அதற்கு முந்தைய செப்டம்பரில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. குடும்பத்தோடு பூங்காவுக்கு வந்திருந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். சிலர் காயமடைந்தார்கள்.

நம் ஊரில் 2024 மே 7ஆம் தேதி நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மழையும் காற்றுமாக இருந்த மத்தியான நேரத்தில் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாலை மேல் விழுந்தது. ஒருவர் இறந்தார். வரிசையாக நின்ற வாகனங்கள் நசுங்கின. மோனோரயில் சேவையும் நின்றது.

இந்த இரண்டையும் கேட்டதும் மனசு இரண்டு பக்கம் ஓடும். ஒன்று, “பெரிய மரம் எல்லாத்தையும் வெட்டிடுங்க, ஆளை விடுங்க” என்று ஓடும். இன்னொன்று, “இவ்வளவு சோதிச்ச மரமே விழுது, நம்ம கையில என்ன இருக்கு? எல்லாம் விதி” என்று ஓடும். பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. இரண்டிலும் நாம் யோசிக்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறோம். ஆபத்து முழுக்க இல்லாத மரம் எங்குமே கிடையாது. ஆபத்து முழுக்க இல்லாத சாலையும் கிடையாது. ஆனாலும் நாம் காரை ஓட்டுகிறோம். பிரேக் பார்க்கிறோம், டயர் பார்க்கிறோம், சீட் பெல்ட் போடுகிறோம், பிறகு விநாயகரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். கும்பிட்டதால் பிரேக் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் கோயிலில் நான் கேட்ட நான்கு குரல்கள்

எங்கள் தாமான் கோயிலிலும் இந்தப் பிரச்சினை வந்தது. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் வெளியேறியபோது, ஒரு பால்மாவு டின்னில் கன்றாக எடுத்து வந்து நட்ட அரசமரம் அது. இன்றைக்கு மூன்று பிள்ளைகள் கைகோத்தால்தான் சுற்ற முடியும். அடியில் நாகர் இருக்கிறார். ஒரு மழை இரவில், என் தொடையளவு பருமன் கொண்ட கிளை ஒன்று முறிந்து, செருப்பு வைக்கும் இடத்தின் தகரக் கூரையை நசுக்கிவிட்டது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. காலையில் வந்து பார்த்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “சாமி காப்பாத்திட்டார்.” நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் சாமி ஒரு தடவை காப்பாற்றிவிட்டார் என்றால், அடுத்த தடவைக்கு நம்மிடம் கொஞ்சம் வேலை எதிர்பார்க்கிறார் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் செயலவைக் கூட்டத்தில் நான்கு குரல்கள் கேட்டன.

மரத்தை நட்டவரின் மனைவி, பாட்டி ஒருவர், சொன்னார்: “என் வீட்டுக்காரர் கையால வெச்ச மரம்ப்பா. எஸ்டேட்ட விட்டு வரும்போது நமக்குன்னு கொண்டு வந்தது இது ஒண்ணுதான். இதுல கோடாலி வெச்சா அது குடும்பத்துக்கு ஆகாது.”

சமய வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தகப்பனார் எழுந்தார்: “என் மகன் அங்க உக்கார்றான் பாட்டி. ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நாளைக்கே ஆள் கூட்டிட்டு வந்து வெட்டிடலாம். ஃபைன் வந்தா நான் கட்டுறேன்.”

மூத்த பொறுப்பாளர் ஒருவர் கையை விரித்தார்: “இது பெர்மிட் வாங்க வேண்டிய மரம். சட்டம் தொடாதேங்குது. நாம தொட வேணாம். விழுந்தா கவுன்சில் பாத்துக்கட்டும்.”

நான்காவது குரல் கூட்டம் முடிந்த பிறகு, வாசலில் மெதுவாக வந்தது: “அண்ணே, அடியில நாலு ஓட்டை போட்டுப் புல் மருந்து ஊத்துனா கொஞ்ச மாசத்துல தானா காஞ்சிடும். காஞ்ச மரத்துக்குத்தான் பெர்மிட் வேணாமே.”

இந்த நான்கு பேரும் கெட்டவர்கள் இல்லை. நான்கு குரலும் நமக்குள்ளேயே இருக்கிற குரல்கள்தான். அதனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

தகப்பனாரின் பயம் நியாயமானது. அன்பிலிருந்து வந்த பயம் அது. ஆனால் பயம் எவ்வளவு பெரியது என்பது ஆபத்து எவ்வளவு பெரியது என்று காட்டாது. கிளை விழுந்த சத்தம் காதில் இருக்கும்போது எல்லா மரமும் விழப்போகிற மாதிரிதான் தெரியும். “ஃபைன் நான் கட்டுறேன்” என்பதில் ஒரு தியாகம் தெரிகிறது, ஆனால் அது பிரச்சினையைப் பணமாக மாற்றிவிடுகிறது. சட்டம் அனுமதி கேட்கச் சொல்வது, வேறு வழி இருக்கிறதா என்று இன்னொரு ஜோடிக் கண்கள் பார்ப்பதற்காக. அந்தக் கண்களைப் பணம் கொடுத்து மூடுவது சரியில்லை.

பொறுப்பாளரின் பேச்சு சட்டத்தை மதிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் சட்டம் வெட்டாதே என்றுதான் சொன்னது. பார்க்காதே, சோதிக்காதே, பிள்ளைகளை வேறு இடத்தில் உட்கார வைக்காதே என்று எங்குமே சொல்லவில்லை. சட்டத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அதன் கீழே நம் சோம்பேறித்தனத்தை உட்கார வைக்கக்கூடாது. கீதையில் அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, ‘நான் ஒன்றும் செய்யவில்லை, அதனால் எனக்குப் பாவமில்லை’ என்ற எண்ணத்தைக் கண்ணன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். செய்யாமல் இருப்பதும் நாம் எடுத்த முடிவுதான். அதன் பலனும் நம்மையே சேரும்.

நான்காவது குரல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பார்க்கப்போனால் அதில் சட்டத்தின் எழுத்து மீறப்படாத மாதிரி ஒரு தோற்றம் இருக்கிறது. செத்த மரத்துக்கு விதிவிலக்கு உண்டு, நாம் செத்த மரத்தைத்தான் வெட்டினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மரத்தைக் கொன்றதே நாம்தான். மரத்தைக் கொல்வதோடு, இயற்கையாகச் செத்தது என்று ஊரையும் சாமியையும் ஏமாற்றுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. விஷம் வைத்த மரம் காய்ந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில் அதன் கிளைகள் முன்பைவிட சுலபமாக முறியும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று ஆரம்பித்த வேலை, அதே பிள்ளைகளை முன்பைவிடப் பெரிய ஆபத்தில் வைக்கும். ஒளித்துச் செய்யும் காரியம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

பாட்டிக்கு என்ன பதில்?

கடைசியாகப் பாட்டியின் குரல். இதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்த மரம் அவருக்கு வெறும் மரம் இல்லை. விட்டு வந்த தோட்டம், போய்ச் சேர்ந்த கணவர், தெரிந்தவர்களின் கல்யாணங்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அதை மூட நம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனசு வராது. நம் சமயமும் அப்படித் தள்ளச் சொல்லவில்லை. ஒவ்வொரு பழைய சிவாலயத்துக்கும் ஒரு தல விருட்சம் இருக்கிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று கணக்கில் சேர்த்தது தொல்காப்பியம். மரத்துக்கு உயிர் இல்லை, உணர்வு இல்லை என்று நினைத்து வளர்ந்த கூட்டம் இல்லை நாம்.

ஆனால் அதே தொல்காப்பியம் மனிதனுக்கு ஆறறிவு என்கிறது. அந்த ஆறாவது அறிவு மற்ற உயிர்களைவிட நாம் உசத்தி என்று மார்தட்டுவதற்கு இல்லை என்பது என் எண்ணம். மரத்தால் தன் கிளை யார் தலையில் விழும் என்று யோசிக்க முடியாது. ஆகவே மரத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியது நாம்தான்.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தோம், மேடையில் பேசினோம். அதில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பாரி கொடுத்தது தன்னுடைய தேரை. பக்கத்து ஊர்க்காரன் வண்டியைப் பிடுங்கிக் கொடியில் சாய்க்கவில்லை. அந்தக் கொடிக்காக நடந்து போன கஷ்டம் பாரியின் கால்களுக்குத்தான். மரத்தின் மேல் அன்பு வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர், அந்த அன்புக்கான விலையைத் தானே கொடுக்க வேண்டும். நேரம், பணம், வசதி, எதுவாக இருந்தாலும் தன்னிடமிருந்து போக வேண்டும். என் பக்திக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையைப் பணயம் வைத்தால் அதற்குப் பேர் பக்தி இல்லை.

இதைப் பாட்டியிடம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. “பாட்டி, மரத்தக் காப்பாத்தணும்னா முதல்ல அதுக்கு என்ன நோய்னு தெரியணும். டாக்டர் வரட்டும்” என்றுதான் சொன்னேன். “அதுக்கு டாக்டர் இருக்காங்களா?” என்று கேட்டார். இருக்கிறார்கள். ஆர்போரிஸ்ட் என்று பெயர்.

மர வைத்தியர் கேட்ட கேள்வி

வந்தவர் ஒரு மலாய்க்காரர். ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிச் சத்தம் கேட்டார். கம்பியை வேரடியில் விட்டுப் பார்த்தார். மெல்லிய ஊசித் துளைக்கருவி ஒன்றை மரத்துக்குள் செலுத்தி, எங்கே கெட்டி, எங்கே மெது என்று கோடாகப் பதிவெடுத்தார். அடியில் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த காளானைக் காட்டி, உள்ளே அழுகல் இருப்பதற்கு அது அடையாளம் என்றார். ஆனால் இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் மலாயில் கேட்டது: “இந்த மரத்தடியில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள்?”

எங்கள் கூட்டத்தில் யாருமே கேட்காத கேள்வி அது. நாங்கள் எல்லோரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபத்து என்பது மரத்தில் மட்டும் இல்லை. காட்டுக்குள் ஒரு மரம் விழுந்தால் அது ஆபத்து இல்லை, இயற்கை. மரம் முறியும் வாய்ப்பு, அது விழும் இடத்தில் ஆள் இருக்கும் வாய்ப்பு, விழுந்தால் உண்டாகும் சேதம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஆபத்து. மரத்தைத் தொடாமலே ஆபத்தைக் குறைக்க முடியும். பாயை எடுத்து வேறு இடத்தில் விரித்தால் போதும்.

பொந்து இருந்தால் மரம் போச்சு என்று நாம் நினைக்கிறோம். அதுவும் அப்படியே உண்மையில்லை. மூங்கில் உள்ளே வெறுமைதான், ஆனால் சாய்ந்தாடி நிற்கிறது. வெளிச்சுவர் போதுமான தடிப்பாக இருந்தால் உள்ளே கோறையான மரமும் பல வருஷம் நிற்கும். மாறாக, வெளியே பச்சைப்பசேல் என்று இருக்கும் மரம் வேர் அழுகி ஒரே நாளில் சாயலாம். இலையைப் பார்த்து வேரைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பல கோயில்களில் பார்க்கிறேன். மரத்தைக் கெடுப்பதே சில சமயம் நம் சேவைதான். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு மேடை கட்டி டைல்ஸ் பதிக்கிறோம். வேர் மூச்சு விட வழியில்லை. கால்வாய் வெட்டும்போது ஒரு பக்கத்து வேரை அறுத்துவிடுகிறோம். பட்டையை ஒட்டியே கற்பூரமும் விளக்கும் ஏற்றுகிறோம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆணி அடிக்கிறோம். பிறகு மரம் சாய்ந்தால் சாமி குத்தம் என்கிறோம்.

என்ன செய்தோம்

அறிக்கை வந்தது. உடனே வெட்டு என்றும் சொல்லவில்லை, பயமில்லை என்றும் சொல்லவில்லை. மேற்குப் பக்க வேரில் அழுகல் இருக்கிறது, மண்டபத்தின் மேல் நீண்டிருக்கும் பெரிய கிளையின் பாரத்தைக் குறைக்க வேண்டும், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றது. நாங்கள் செய்தது இவ்வளவுதான். அன்றைக்கே சமய வகுப்பை மண்டபத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். நாகரைச் சுற்றி வேலி போட்டு, காற்று மழை நேரத்தில் யாரும் உள்ளே போகக்கூடாது என்று பலகை வைத்தோம். படங்களோடும் அறிக்கையோடும் நகராண்மைக் கழகத்துக்கு எழுதினோம். பதில் வர வாரக்கணக்காகியது. வந்த பிறகு, மரம் ஏறத் தெரிந்தவர்களை வைத்துக் கிளையைக் குறைத்தோம். மொட்டையடிக்கவில்லை. மொட்டையடித்தால் வெட்டிய இடம் அழுகும், புதிதாக வரும் கிளை பலமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சிமெண்டு மேடையை உடைத்து மண்ணைத் திறந்துவிட்டோம். செலவுக்கு முதல் ஆளாக நூறு வெள்ளி கொண்டு வந்து கொடுத்தது அந்தப் பாட்டிதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் நினைப்பது நாங்கள் எழுதி வைத்த ஒரு தீர்மானம். அடுத்த சோதனையில் அழுகல் இன்ன அளவைத் தாண்டியிருந்தால் மரத்தை எடுக்க அனுமதி கேட்போம், தாண்டவில்லை என்றால் வைத்திருப்போம். இரண்டுக்கும் இப்போதே சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மகனை அனுப்பும் தகப்பனாரும் போட்டார், பாட்டியும் போட்டார். ஏன் முன்கூட்டியே எழுத வேண்டும்? அந்த நாள் வரும்போது பாசமும் பயமும்தான் முதலில் பேசும். மனசு அமைதியாக இருக்கும்போது எடுத்த முடிவு அப்போது நமக்குக் கைகொடுக்கும்.

எடுக்க வேண்டி வந்தால்?

ஒருவேளை அந்த நாள் வந்தால் அது தர்மம் தோற்ற நாளா? நான் அப்படி நினைக்கவில்லை. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹவுரா தாவரவியல் தோட்டத்தில் ஒரு மாபெரும் ஆலமரம் இருக்கிறது. புயலில் அடிபட்டு, பூஞ்சை பிடித்து அதன் தாய்மரம் அழுகியபோது 1925இல் அதை வெட்டி எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான விழுதுகளோடு அந்த ஆல் இன்றும் ஒரு தோப்பு மாதிரி நிற்கிறது. புத்த கயாவில் இருந்த பழைய அரசமரம் 1876இல் புயலில் விழுந்தது. அதன் வழிவந்த கன்றை 1881இல் நட்டார்கள். உலகமெங்கும் இருந்து மக்கள் வந்து வணங்குவது அந்தக் கன்றைத்தான். கட்டை போனாலும் வழி நிற்கிறது.

வெட்டுவதற்கும் நம் மரபில் ஒரு முறை உண்டு. சிலை செய்ய மரம் எடுக்கும்போது, அதற்குப் பூசை செய்து, அதில் வாழும் உயிர்களையும் தேவதைகளையும் வேறு இடம் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும் என்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை விவரிக்கிறது. எடுப்பதே பாவம் என்று அவர்கள் நினைத்திருந்தால் இப்படி ஒரு முறையே தேவைப்பட்டிருக்காது. எடுப்பதில் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தாலும் தேவைப்பட்டிருக்காது. அவசியம் வரும்போது, அதன் பாரத்தை உணர்ந்து, மரியாதையோடு செய் என்பதுதான் அதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம். எங்கள் மரத்திலிருந்து வெட்டிய போத்துகளில் இரண்டு வேர் பிடித்திருக்கின்றன. கட்டடத்திலிருந்து தள்ளி, வேர் ஓட இடமுள்ள மூலையில் நடப் போகிறோம்.

இவ்வளவும் செய்த பிறகு மரம் விழவே விழாதா என்று கேட்டால், விழலாம். சிங்கப்பூரில் நடந்தது அதைத்தான் சொல்கிறது. அப்படி நடந்தால் நான் அழுவேன். ஆனால் என்ன தெரிந்தது, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று யார் கேட்டாலும் முகம் பார்த்துச் சொல்ல முடியும். கர்மம் என்ற சொல்லை நாம் நடந்ததற்குச் சமாதானம் சொல்லத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லுக்குச் செயல் என்றுதான் முதல் அர்த்தம். நம் பங்குச் செயலை முடித்த பிறகு மிச்சத்தை ஆண்டவனிடம் விடுவது சரணாகதி. ஒன்றும் செய்யாமல் விட்டால் அது கைகழுவல்.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை கோயிலில் கோத்தோங் ரோயோங் வைக்கும்போது, கூட்டிப் பெருக்கிய பிறகு ஒரு பத்து நிமிஷம் மரத்தைச் சுற்றி வாருங்கள். அடியில் காளான் இருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா, காய்ந்த கிளை தொங்குகிறதா, ஆணி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு டேப்பை வைத்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து எழுதுங்கள். படம் எடுத்துத் தேதி போட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். பெரியவர்கள் உடனே கேட்காவிட்டாலும் கோபப்படாமல் அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துச் சொல்லுங்கள். அதுவரைக்கும், பாயை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதற்கு யாருடைய பெர்மிட்டும் தேவையில்லை.